ரங்கூனில் ஒரு குடித்தனம்

இம்மலருக்கு, அமெரிக்காவிலிருந்து பர்மாவுக்குச் சென்ற மிஷனெரி அதோனிராம் ஜட்சன் ஐயரைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் அன்புடன் பணித்தார்கள். மறுக்க மனம் வரவில்லை. ஆனால் அவர் அடைபட்ட ஆவா நகரச் சிறையும், காலில் பூட்டிய விலங்கும், தலையணைக்குள் தைத்து மறைத்த வேதாகமக் கையெழுத்துப் பிரதியும் நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். மிஷனெரி ஞாயிறுதோறும் பிரசங்க மேடையில் கேட்டு உருகிய வரலாறு அது. அதைத் திரும்பச் சொல்ல நான் தேவையில்லை. சிறைக்கு முந்திய பத்தாண்டுகளில் ஜட்சன் ஐயரும் அவர் மனைவி ஆன் அம்மையாரும் ரங்கூனில் நடத்திய குடித்தனத்தைப் பற்றி எழுதுகிறேன். பிற்பாடு வந்த நெருப்பைத் தாங்கும் வலு அந்த வீட்டில்தான் உருவாயிற்று என்பது என் நெடுநாளைய எண்ணம்.

வேதத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்டுக் கொரிந்துவுக்கு வந்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்து பிழைத்தவர்கள். பவுல் அவர்களோடு தங்கி அதே தொழிலைச் செய்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம் சொல்லுகிறது. நாவன்மை மிக்க அப்பொல்லோவைத் தங்களிடம் அழைத்துத் தேவ மார்க்கத்தை இன்னும் தெளிவாக விளக்கிக் கொடுத்தவர்களும் இவர்களே. ரோமர் 16இல் வாழ்த்துச் சொல்லும்போது அப்போஸ்தலன் மனைவியின் பெயரை முதலில் வைக்கிறார். அவர்கள் வீட்டில் கூடும் சபையையும் சேர்த்து வாழ்த்துகிறார். நான்காம் நூற்றாண்டில் யோவான் கிறிசோஸ்தம் இந்த ஒரு வாழ்த்தை வைத்தே தனிப் பிரசங்கங்கள் செய்தார். கணவனுக்கு முன் மனைவியின் பெயர் ஏன் வந்தது என்று அவர் நின்று விசாரிக்கும் இடம் நான் பலமுறை படித்து மகிழ்ந்தது.

இன்னொரு பகுதி எரேமியா 29. பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குத் தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில் போருக்கும் கலகத்துக்கும் அழைப்பில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், அந்நியமான அந்த ஊரின் நலத்துக்காகவே ஜெபியுங்கள் என்பதே அதன் சாரம். அந்நிய மண்ணில் குடித்தனம் செய்வதும் கர்த்தர் இட்ட கட்டளைதான். இந்த வெளிச்சத்தில் ரங்கூன் வீட்டுக்குள் போவோம்.

வந்து சேர்ந்த விதம்

1812 பிப்ரவரி 5 அன்று திருமணம். மறுநாள் ஐயருக்கு அமெரிக்காவின் சேலம் நகரத்து ஆலயத்தில் குருத்துவ அபிஷேகம். அதே மாதம் 19ஆம் தேதி காரவன் என்ற கப்பலில் பயணம். அவருக்கு வயது 23, அம்மையாருக்கு 22. பெண் கேட்டு அவர் மாமனாருக்கு எழுதிய கடிதத்தில் ஒன்றையும் மறைக்கவில்லை. உங்கள் மகளை இவ்வுலகில் நீங்கள் மறுபடி காணாமலே போகலாம், கடலும் காய்ச்சலும் துன்புறுத்தலும் அவளுக்குக் காத்திருக்கலாம், சம்மதமா என்றே கேட்டார். தகப்பனார் முடிவை மகளிடம் விட்டார்.

கல்கத்தாவில் அவர்கள் ஞானஸ்நானம் பற்றிய கொள்கை மாறிப் பாப்டிஸ்டுகளாகி, அனுப்பிய சங்கத்தின் ஆதரவைத் தாங்களாகவே விட்டதும், கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை வெளியேறச் சொன்னதும் தெரிந்த செய்தி. கூடவே வந்த ஹாரியட் நியூவெல் அம்மையார் 19 வயதில் மொரீஷியஸ் தீவில் கண்ணை மூடினார். 1813 ஜூனில் தம்பதியர் சென்னையில் இறங்கினார்கள். லண்டன் மிஷனைச் சேர்ந்த லவ்லெஸ் ஐயரும் அவர் மனைவியும் அவர்களை வீட்டில் வைத்து உபசரித்தார்கள். மதராஸ் துறைமுகத்தில் அப்போது கிடைத்த ஒரே வழி, ரங்கூனுக்குப் புறப்படவிருந்த ஜியார்ஜியானா என்ற பழங்கப்பல். பர்மாவுக்கு அவர்களை அனுப்பி வைத்த கரை நம்முடையது என்பதில் எனக்கு ஒரு பெருமை.

அந்தக் கப்பலிலேயே அவர்களுடைய முதற்குழந்தை உயிரற்றுப் பிறந்தது. ரங்கூனில் அம்மையாரால் நடக்க முடியவில்லை. ஒரு சாய்வு நாற்காலியில் இரண்டு மூங்கில்களைக் கொடுத்து நான்கு பேர் தோளில் சுமந்தார்கள். வழியில் ஒரு நிழலில் இறக்கி வைத்தபோது பர்மியப் பெண்கள் கூடிவிட்டார்கள். தலை குனிந்திருந்தவரின் தொப்பிக்குக் கீழே எட்டிப் பார்த்தார்கள். அம்மையார் நிமிர்ந்து புன்னகை செய்தார். அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒரு வார்த்தை பேசத் தெரியாத நாளிலேயே அந்த ஊர்ப் பெண்களோடு அவருக்கு உறவு தொடங்கிவிட்டது.

வராந்தாவும் உள்ளறையும்

அவர்கள் குடியேறிய மிஷன் வீடு ஊர் மதிலுக்கு வெளியே இருந்தது. மரண தண்டனை நிறைவேற்றும் இடமும், ஊர்க் குப்பை கொட்டும் இடமும், பிணம் எரிக்கும் இடமும் அருகே. மிஷனெரி வில்லியம் கேரியின் மகன் பெலிக்ஸ் கேரி அங்கே குடும்பத்தோடு இருந்தார். 1814இல் அவர் அரசுப் பணிக்குப் போனார். அதே ஆண்டு ஆற்றில் படகு கவிழ்ந்து அவருடைய மனைவியும் பிள்ளைகளும் மாண்டார்கள். ரங்கூனில் மிஷன் என்று சொல்ல இந்த இளந்தம்பதி மட்டுமே மிஞ்சினார்கள். ஊரிலிருந்து பணம் அனுப்ப ஒரு சங்கம் உண்டா என்பதே அவர்களுக்குத் தெரியாத காலம். 1814 மே மாதம் பிலடெல்பியாவில் பாப்டிஸ்டு சபைகள் கூடி அவர்களைத் தங்கள் மிஷனெரிகளாக ஏற்றன. அந்தச் செய்தி கடல் கடந்து வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

அன்றாட வாழ்க்கையை அம்மையாரே தம் கடிதங்களில் எழுதி வைத்தார். அவற்றைத் தொகுத்து ஜேம்ஸ் நோல்ஸ் 1829இல் பாஸ்டனில் வெளியிட்ட வரலாறு என் மேசையில் எப்போதும் இருக்கும் நூல். ரொட்டி கிடையாது, வெண்ணெய், பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது. சோறும் கோழிக்கறியும், வெள்ளரிக்காய் சேர்த்து வேகவைத்த கோழியும்தான் சாப்பாடு. திறந்த வராந்தாவில் ஐயர் ஓலைச்சுவடிகள் பரப்பிய மேசைமேல் குனிந்திருப்பார். பக்கத்தில் அறுபது வயதை எட்டிய ஆசிரியர், இடுப்பில் ஒரு துணி, தலையில் ஒரு கைக்குட்டை. இருவரும் பகலெல்லாம் ஓயாமல் பேசுவார்கள். அகராதியும் இலக்கணமும் இல்லை. ஆசிரியருக்கு ஆங்கிலம் தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியின்றி ஓலையில் கீறிய வரிகளைப் பிரித்துப் படிக்கவே மாதங்கள் பிடிக்கும். நம் ஏடுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தக் கஷ்டம் விளங்கும்.

அம்மையாருக்கோ காலை முழுதும் வீட்டு வேலை. வேலைக்காரர்களை ஏவ வேண்டும், சந்தையிலிருந்து வந்ததைப் பார்த்து வாங்க வேண்டும், எல்லாருக்கும் உணவு ஏற்பாடு செய்ய வேண்டும். பத்து மணிக்கு அவருக்கென்று ஓர் ஆசிரியர் வருவார்; உள்ளறை மேசையில் படிப்பும் எழுத்தும் பேச்சும் நடக்கும். நடு நடுவே கூப்பாடு வரும், எழுந்து போவார். கணவர் படிப்பில் மூழ்கட்டும் என்றே வீட்டுப் பாரம் முழுவதையும் அவர் தம் தலையில் ஏற்றுக்கொண்டார். ஓராண்டு கழிந்தபோது தெரிந்தது வேறு. நாள் முழுதும் பர்மிய மொழியிலேயே பேச வேண்டியிருந்ததால், மொழி கற்க அதைவிட நேரான வழியே இல்லை என்று அவர் எழுதுகிறார். இலக்கண நுட்பம் ஐயருக்கு அதிகம் தெரிந்தாலும், பேசுவதிலும் பிறர் பேச்சை விளங்கிக்கொள்வதிலும் தாமே முந்தியதாகவும் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். பெரிய ஊழியத்துக்குச் சமையல் வேலை தடை என்று நம் வீடுகளில் இன்றும் பேசுகிறார்கள். ரங்கூனில் அந்த அடுக்களையே பள்ளிக்கூடமாயிற்று. தானியேல், யோனா புத்தகங்களைப் பர்மிய மொழியில் பெயர்த்த கை அந்த அம்மையாரின் கை. ரங்கூனில் இருந்த சயாம் மக்களிடம் அவர்கள் மொழியையும் கற்று அவர் ஆக்கிய ஞானோபதேச வினாவிடை 1819இல் சேராம்பூரில் அச்சாயிற்று.

ராஜப் பிரதிநிதியின் மனைவி

1813 டிசம்பரிலேயே அம்மையார் ராஜப் பிரதிநிதியின் மனைவியைப் பார்க்கச் சென்றார். அந்தச் சீமாட்டி நீண்ட வெள்ளிக் குழாயில் புகை பிடித்தபடி வந்து, நீ உன் கணவனுக்கு முதல் மனைவியா என்று விசாரித்தார். இந்த நட்பு பின்னால் பெரிதும் உதவிற்று. 1815இல் மருத்துவத்துக்காக அம்மையார் சென்னைக்குப் புறப்பட்டபோது, பர்மியப் பெண் எவளும் நாட்டை விட்டுப் போகக்கூடாது என்ற சட்டத்தைத் தளர்த்தி, ஒரு பணிப்பெண்ணை உடன் அழைத்துச் செல்ல அரண்மனை அனுமதித்தது. சென்னையில் அவரைக் கவனித்த மருத்துவர் கட்டணம் வாங்க மறுத்தார்.

அவ்வாண்டு செப்டம்பர் 11 அன்று அவர்கள் மகன் ரோஜர் வில்லியம்ஸ் பிறந்தான். எட்டு மாதம்கூட நிறையவில்லை. 1816 மே 4 அன்று காய்ச்சலில் போய்விட்டான். மாலையில் நாற்பது ஐம்பது பர்மியரும் போர்த்துக்கீசியரும் பின்தொடர, தோட்டத்து மாமரங்களுக்கிடையே அடக்கம் செய்தார்கள். ராஜப் பிரதிநிதியின் மனைவி ஏறத்தாழ இருநூறு பரிவாரத்தோடு துக்கம் விசாரிக்க வந்தார். எனக்கு ஏன் சொல்லி அனுப்பவில்லை, நானும் அடக்கத்துக்கு வந்திருப்பேனே என்று உரிமையோடு கடிந்துகொண்டார். சில நாள் கழித்து அம்பாரி வைத்த யானையை அனுப்பி இருவரையும் தோட்ட விருந்துக்கு அழைத்துப் போனார்; பழத்தைத் தம் கையாலேயே உரித்துக் கொடுத்தார், பூப்பறித்துக் கொடுத்தார். பிள்ளையைப் பறிகொடுத்த தாயை எப்படித் தேற்றுவது என்பதை அந்த அம்மாள் அறிந்திருந்தார். கிறிஸ்துவை அறியாத ஓர் உள்ளத்தைக்கொண்டும் தேவன் தம்முடையவர்களை ஆதரித்தார் என்று 1 இராஜாக்கள் 17இன் சாறிபாத் விதவையை எண்ணி நான் ஸ்தோத்திரம் செய்வதுண்டு.

சாவடி

1819 ஏப்ரலில் பகோடாவுக்குப் போகும் சாலையோரம் ஒரு சாவடி கட்டினார்கள். 27 அடிக்கு 18 அடி, தரையிலிருந்து நான்கு அடி உயரம். சாலையைப் பார்த்த முன்பகுதிக்குக் கதவும் இல்லை, சுவரும் இல்லை, மூங்கிலும் கீற்றும்தான். அங்கே ஐயர் உட்கார்ந்து, ஏசாயா 55இன் முதல் வசனத்து அழைப்பை வழிப்போக்கர்களுக்குக் கூறுவார். நடுவில் வெள்ளையடித்த பெரிய அறை, ஞாயிறு ஆராதனைக்கு. வார நாள் இரவுகளில் அந்த அறையின் ஒரு கோடியில் ஆண் மாணாக்கர், ஆளுக்கொரு தீப்பந்தமும் கரும்பலகையும். தோட்டத்தைப் பார்த்த பின்பகுதியில் பெண்கள், விளக்கோடும் பலகையோடும். நடுவில் மேசை போட்டு ஆன் அம்மையார். இவ்விதமாக எழுத்தும் வேதமும் ஒருங்கே பரவின. அவ்வாண்டு ஜூன் 27 அன்று பர்மியரான மவுங் நவ் முதற்கனியாக ஞானஸ்நானம் பெற்றார். ரங்கூனில் கால் வைத்து ஆறாண்டு! தொடக்க ஆண்டுகளில் திருவிருந்து மேசையில் கணவனும் மனைவியும் மட்டுமே உட்கார்ந்தார்கள். இரண்டு மூன்று பேர் கூடுமிடம் பற்றிய மத்தேயு 18இன் வாக்கு அவர்களுக்கு எழுத்துக்கு எழுத்து நிறைவேறிற்று.

சிறைவாசக் காலத்திலிருந்து அதிகம் பேசப்படாத ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆவாவில், அங்கிருந்த ஆளுநரின் மனைவி சொன்ன யோசனைப்படி பர்மிய உடை உடுத்திக்கொண்டு அலைந்த நாட்களில், அம்மையாருக்குக் கணவர் முன்பு விரும்பி உண்ட சொந்த ஊர்ப் பண்டம் நினைவுக்கு வந்தது. எருமைக்கறியையும் வாழைப்பழத்தையும் கொத்தி மாவுக்குள் வைத்துச் சுட்டு, மவுங் இங் என்ற விசுவாசியிடம் கொடுத்தனுப்பினார். அதைக் கண்ட ஐயர் முழங்காலில் தலை கவிழ்த்து அழுதார். ஒரு வாய்கூட உண்ண முடியாமல் உடனிருந்த கைதிக்குக் கொடுத்துவிட்டார். சங்கிலியால் கலங்காத நெஞ்சைக் கலங்கச் செய்தது மனைவியின் கைப்பண்டம்.

1826 அக்டோபர் 24 அன்று ஆம்ஹர்ஸ்ட் நகரில் 36 வயதில் அம்மையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஐயர் அப்போது வெளியூரில். வேதாகமம் முழுவதையும் பர்மிய மொழியில் பெயர்க்கும் வேலையை அவர் 1834இல் முடித்தார். திருத்திய பதிப்பு 1840இல் அச்சேறியது. பர்மியச் சபைகள் இன்றுவரை அதை வாசிக்கின்றன.

திருநெல்வேலியில் 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிய நாள் முதல் நம் பிள்ளைகளும் வேற்று மொழிப் பகுதிகளுக்குக் குடும்பமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சபையாரே, சங்கச் செயலர்களே, ஜெபக் குறிப்பில் கணவரின் பெயருக்குப் பின்னால் “மற்றும் குடும்பத்தார்” என்று எழுதி முடித்துவிடாதீர்கள். சகோதரியின் பெயரை எழுதுங்கள். அவர் பெயருக்கே கடிதம் போடுங்கள், பதில் கேட்டு வாங்கி ஆராதனையில் வாசியுங்கள். மொழிப் பயிற்சிக்கு ஒதுக்கும் தொகையில் மனைவிக்கும் தனியே ஓர் ஆசிரியரைச் சம்பளத்தோடு ஏற்பாடு செய்யுங்கள்; ரங்கூன் உள்ளறையில் பத்து மணிக்கு ஒருவர் வந்தாரே, அதைப்போல. இந்த ஆண்டு புறப்படுகிற தம்பதியரிலிருந்தே அதைத் தொடங்கலாம்.