இரமின் தோட்டத்திலிருந்து இந்திர சபைக்கு

செந்துறையை அடுத்த ஒரு களத்துமேட்டில், கோடைக்கால இரவொன்றில், 'குலேபகாவலி' நாடகத்தை நாம் கண்டோம். மதரஸாவுக்கு விடுமுறை விட்டிருந்த நாள்கள் அவை. இஷாத் தொழுகை முடிந்ததும், பெரியவர் ஒருவரின் கையைப் பற்றிக்கொண்டு முந்திரித் தோப்பின் ஊடே நடந்து சென்று, மணலில் இடம் பிடித்து அமர்ந்தோம். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த நாடக செட். ஆர்மோனியக்காரர் ஒருவர், மிருதங்கம் ஒருவர், ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன். பத்து மணிக்குத் தொடங்கிய பாட்டு சுபுஹுத் தொழுகைக்கான பாங்கு கேட்கும் வரை ஓயவில்லை.

கண்ணொளி இழந்த அரசன். அந்நோய் தீர்க்கும் மலரைத் தேடிப் புறப்படும் மைந்தர்கள். பூனையின் தலையில் விளக்கை வைத்து, எலியை ஏவிச் சொக்கட்டான் காயைப் புரட்டி வருவோரையெல்லாம் அடிமை கொள்ளும் தாசி. அவளை அதே சூதில் வென்று, பரியரசி பகாவலியின் நந்தவனத்துள் நுழைந்து மலரைக் கொய்துவரும் கடைசி மகன் தாஜுல் முலூக்கு. கதையை வாசகர்கள் அறிவார்கள். நம் நெஞ்சில் பதிந்தது வேறொன்று. அந்த நந்தவனம் 'இரம்' என்னும் இடத்தில் இருப்பதாக ராஜபார்ட் பாடினார். கூட்டத்தார் அதை 'ஈரம்' என்றே கேட்டனர். பபூனும் விடவில்லை, ஈரமான தோட்டம் என்றால் நெல்லா, வாழையா என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். நமக்கோ உடல் சிலிர்த்தது. சூரத்துல் ஃபஜ்ரை மனனம் செய்து முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சொல் அதிலே இருக்கிறது!

மறுநாள் செய்தி உஸ்தாதின் காதுக்கு எட்டிவிட்டது. பிரம்பை எதிர்பார்த்து நின்றோம். அவர் பிரம்பைத் தொடவில்லை. "இரம் எங்கே இருக்கிறது என்று எந்தக் கிதாபில் பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடிய முயற்சியே இக்கட்டுரை எனலாம்.

திருக்குர்ஆனின் 89-ஆம் அத்தியாயத்தில் ஆது கூட்டத்தாரின் அழிவைச் சொல்லுமிடத்தில், தூண்களையுடைய இரம் என அது குறிப்பிடப்படுகிறது. விரிவுரையாளர் சிலர் அதைப் பொன்னாலும் வெள்ளியாலும் எழுந்த ஒரு மாநகராகவும், காணாமற்போன ஒட்டகத்தைத் தேடிச் சென்ற ஒருவர் அதைக் கண்டு மீண்டதாகவும் எழுதிவைத்தனர். இப்னு கஸீர் அக்கதையை ஏற்கவில்லை. இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய 'முகத்திமா'வின் முன்னுரையிலேயே இதை எடுத்துக்கொண்டு, யமனின் பாலைகளைக் கடந்துசென்ற வழிகாட்டிகள் எவரும் இப்படி ஒரு நகரைச் சொன்னதில்லையே என்று வாதிட்டு, தூண் என்பது கூடாரக் காலே என முடித்தார். ஆலிம்கள் கதவடைத்த கதை கவிஞர்களின் வாசல் வழியே வெளியேறிவிட்டது. பார்சிக் கற்பனையில் இரம் பரிகளின் பூங்காவாயிற்று. அங்கிருந்து உருதுவுக்கு வந்து, உருதுவிலிருந்து செந்துறைக் களத்துமேட்டில் 'ஈரம்' ஆனது.

'பரீ' என்ற சொல்லும் அரபியன்று. பகர ஒலியே அரபியில் இல்லை அல்லவா? 'குல்' என்பது பார்சியில் மலர். 'குலே பகாவலி' என்றால் பகாவலியின் மலர். அதை ஒரு பெண்ணின் முழுப்பெயரென்றே நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அதில் குற்றமில்லை, நாமும் ஓதிப் படித்த பின்புதான் அறிந்தோம்.

இக்கதையைப் பார்சியில் எழுதியவர் வங்காளத்து இஸ்ஸத்துல்லாஹ், ஆண்டு 1722. கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லாகூர் நிஹால் சந்து அதை உருது உரைநடையாக்கினார். பின்னர் லக்னோவில் தயாசங்கர் நசீம் என்ற காஷ்மீரப் பண்டிதர் அதனைச் செறிந்த மஸ்னவியாகப் பாடினார். முஸ்லிம் எழுதிய பார்சிக் கதை இந்துக்கள் இருவரின் கைகளால் உருதுவில் நிலைபெற்றது. கதைக்குள்ளும் அப்படியே. பரியரசி பகாவலி இரவுதோறும் ஆடச் செல்வது எங்கே? இந்திரனின் சபைக்கு! மானிடனைக் காதலித்த குற்றத்துக்காக இடுப்புக்குக் கீழே கல்லாகுமாறு அவளைச் சபிப்பவன் இந்திரன். அவள் கல்லாகிக் கிடப்பது சிங்களத் தீவின் கோயிலில். சாபம் தீர்ந்து மறுபிறவி எடுப்பது ஓர் உழவனின் மனையில். அன்றிரவு அந்தக் கட்டத்தில், சாம்பல் நிறம் பூசிய சாக்கைப் ஸ்திரீபார்ட்டின் இடுப்பில் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். அவர் அசையாமல் நின்று பாடினார். நமக்கு முன்னால் அமர்ந்திருந்த மூதாட்டி விம்மி விம்மி அழுதார். அவர் அகலிகையை நினைத்தாரோ, தம் வாழ்வை நினைத்தாரோ, யாரறிவார்?

இந்திரன் சபையும் பரிகளும் கூடிய இந்தக் கலவையை முழு இசை நாடகமாக முதலில் மேடைக்குத் தந்தவர் லக்னோவின் ஆகா ஹசன் அமானத் (1815–1858). இளமையில் நோயுற்றுப் பேச்சை இழந்த மனிதர் இவர். கர்பலாவுக்குச் சென்றபோது நா மீண்டது. ஆனால் திக்குவாய் நீங்கவில்லை. அதனால் வீட்டைவிட்டு அதிகம் வெளியேறாதிருந்த அவர், நண்பரின் தூண்டுதலால் 1850-களின் தொடக்கத்தில் 'இந்தர் சபா'வை இயற்றினார். பேச வராத ஒருவர் ஏறத்தாழ முழுவதும் பாட்டாலேயே ஆன நாடகத்தை எழுதியதில் வியப்பென்ன? புஷ்பராகம், நீலம், மாணிக்கம், மரகதம் என நான்கு நிறத்துப் பரிகள் ஒவ்வொருவராய் வந்து பாடுவர். மரகதப் பரி குல்ஃபாம் என்ற இளவரசனைக் காதலிக்கிறாள். குட்டு வெளிப்பட்டதும் இந்திரன் அவனைக் காஃப் மலைக் கிணற்றில் தள்ளுகிறான். அவளைச் சிறகரிந்து விரட்டுகிறான். அவள் யோகினி வேடம் பூண்டு வந்து பாடி இந்திரனை மயக்கி, பரிசாகக் குல்ஃபாமையே கேட்டுப் பெறுகிறாள். கஸல், தும்ரி, ஹோலிப் பாட்டு, வசந்தப் பாட்டு எல்லாம் அதில் உண்டு.

காஃப் மலையின் கதையும் இரமின் கதையைப் போன்றதே. 50-ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் உள்ள 'காஃப்' என்னும் எழுத்தை, உலகைச் சூழ்ந்த மலையென்று சொன்னவர்கள் இருந்தனர். இஸ்ரவேலர் வழியாகப் புகுந்த கட்டுக்கதை அது என்று இப்னு கஸீர் ஒதுக்கினார். தஃப்ஸீரிலிருந்து வெளியே தள்ளப்பட்டவை எல்லாம் நாடகக் கொட்டகையில் ஒதுங்கிக்கொண்டன போலும்!

நவாப் வாஜித் அலி ஷாவே இந்திரனாக வேடமிட்டு அரண்மனையில் இந்நாடகத்தை ஆடினார் என்பது நெடுநாளாக வழங்கிவந்த கூற்று. பேராசிரியர் மசூத் ஹசன் ரிஸ்வி அதீப் 1957-இல் வெளியிட்ட ஆய்வில் அதை மறுத்து, அமானத்தின் நாடகம் பொதுமக்கள் மேடைக்குரியது என நிறுவினார். 1856-இல் ஆங்கிலக் கும்பினியார் நவாபின் நாட்டைப் பறித்ததை நியாயப்படுத்த அவருடைய ஆடல்பாடல் பிரியத்தையும் ஒரு காரணமாகக் காட்டினர். ஆகவே எந்த நாடகத்தை யார் எங்கே ஆடினார் என்பது வெறும் பண்டிதர் சச்சரவன்று. நவாப் நாடிழந்தார், நாடகம் நாடெங்கும் பரவியது. பம்பாயின் பார்சி நாடகக் குழுக்கள் அதைக் கையிலெடுத்தன. 1868-இல் தோன்றிய விக்டோரியா நாடகக் குழு முதலானவை திரைச்சீலைகளோடும், எந்திர வித்தைகளோடும் ஊர் ஊராகச் சென்றன. குஜராத்தி பேசும் ஜொராஸ்திரியர்கள், முஸ்லிம்கள் எழுதிய உருது நாடகத்தை, இந்துக்கள் பெரும்பான்மையாக அமர்ந்திருந்த அவைகளில் ஆடினர். கொழும்பில் அவர்கள் ஆடியதே சிங்கள 'நூர்த்தி' நாடகத்துக்கு வழி திறந்தது. பினாங்கில் பார்சிக் குழுக்களைப் பார்த்துப் பிறந்த 'பங்சவான்' நாடகத்தின் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் பெயர் மாமாக் புஷி. 'மாமாக்' என்று மலாயர் அழைப்பது யாரை என்பதை நாகூர், காரைக்கால், கடையநல்லூர் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

சென்னைக்கும் தஞ்சைக்கும் வந்த பார்சி, மராத்தியக் குழுக்கள் தமிழ்மேடையின் உருவையே மாற்றின. இரவு முழுதும் ஆடிய தெருக்கூத்து மெல்லக் கொட்டகைக்குள் வந்தது. எழினி வந்தது, ஆர்மோனியம் வந்தது. தஞ்சையில் கோவிந்தசாமி ராவ் மனமோகன நாடகக் குழுவை நடத்தினார்; பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையை அமைத்தார். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நூற்றுக்கணக்கில் பாட்டெழுதித் தந்தார். நாடகப் பாட்டுப் புத்தகங்களில் ராகதாளக் குறிப்புக்குப் பக்கத்தில் 'பார்ஸி மெட்டு', 'இந்துஸ்தானி மெட்டு' என்று அச்சிட்டிருப்பதைப் பழம்புத்தகப் பித்துள்ளவர்கள் கண்டிருப்பார்கள். நம் புலவர்கள் இயற்றிய கீர்த்தனைகளின் தலைப்பிலும் அக்குறிப்பு வருகிறது. பரியின் பாட்டுக்கு வந்த மெட்டே பெருமானார் (ஸல்) அவர்களின் புகழுக்கும் வந்தது! இதைச் சொல்லக் கூசுவோர் கூசட்டும். அச்சில் இருப்பதை மறைக்க இயலாது.

ஆயினும் பார்சிக்காரர் வந்துதான் பாதுஷாக்கள் தமிழ்மேடை ஏறினர் என்று எண்ணிவிடலாகாது. 'அலிபாதுஷா நாடகம்', 'அப்பாசு நாடகம்', 'தையார் சுல்தான் நாடகம்', 'லால்கௌஹர் நாடகம்' என முஸ்லிம் புலவர்கள் கூத்துமரபில் இயற்றிய நாடகங்கள் தமிழில் உள்ளன. விருத்தமும் தருவும் வசனமுமாய், கட்டியங்காரன் வந்து கட்டியம் கூற, பாதுஷா கொலுவீற்றிருக்க, அப்படியே நம் மண்ணின் கூத்து. சீறாவையும் குத்பு நாயகத்தையும் பேசும் நம் இலக்கிய மேடைகள் இந்நாடகங்களைப் பட்டியலில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுகின்றன. காப்பியம் பெரியவர் வீட்டுப் பிள்ளை, நாடகம் தெருப்பிள்ளை என்னும் எண்ணமே காரணம்.

இனி, நம்மவர் எழுப்பும் ஆட்சேபத்தையும் மறைப்பதற்கில்லை. ஆண் பெண் வேடம் புனைவதும், பரியையும் தேவனையும் கட்டியழைப்பதும் மார்க்கத்துக்கு ஆகுமா? நாம் ஓதிய இடத்தில் விடை தெளிவாகவே இருந்தது. அதை இங்கே திருத்தி எழுத நாம் வரவில்லை. கதை விஷயத்தில் பண்டைய அரபி அறிஞரும் கண்டிப்பாகவே இருந்தனர். ஹிஜ்ரி 377-இல் (கி.பி. 987) 'ஃபிஹ்ரிஸ்த்' தொகுத்த இப்னு நதீம், ஆயிரம் இரவுகளின் மூலமான 'ஹஸார் அஃப்ஸான்' என்ற பார்சிக் கதைநூலைப் பலமுறை முழுதாகப் பார்த்ததாகவும், அது சுவையற்ற வெற்றுக்கதை என்றும் எழுதினார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெற்றுக்கதை என்று தீர்ப்புச் சொன்னவர் அதன் பெயரையும் வரலாற்றையும் தம் நூலில் பதிந்து வைத்தார். பிடிக்காததைப் பதிவிலிருந்தே நீக்கிவிடவில்லை. அந்த நேர்மை நம்மிடம் குறைவு.

இன்னொரு வேடிக்கை. அரபு நாட்டுக் கதையென்றால் தமிழருக்கு முதலில் நினைவு வருவது அலிபாபா. 1941-இல் என். எஸ். கிருஷ்ணன் நடித்து ஒருமுறை, 1956-இல் எம். ஜி. ஆர். நடித்து மாடர்ன் தியேட்டர்ஸாரின் வண்ணப்படமாக மறுமுறை அது தமிழில் வந்தது. ஆயிரத்தோர் இரவுகளின் பழைய அரபிப் பிரதிகளிலோ அலிபாபா இல்லை! 1709-இல் ஹன்னா தியாப் என்ற அலெப்போ நகரத்துக் கிறிஸ்தவர் பாரிசில் வாய்மொழியாகச் சொல்ல, அந்துவான் கலான் பிரெஞ்சில் எழுதிச் சேர்த்த கதை அது; அலாவுத்தீனும் அப்படியே. 'குலேபகாவலி'யும் 1935-இலும் 1955-இலும் படமாயிற்று. 2018-இல் வந்த படமோ பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது. பரியும் இல்லை, இரமும் இல்லை.

மேடையில் பாதுஷா வேடம் கட்டியவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள் அல்லர். பக்த ராமதாஸ் நாடகத்தில் நவாபாகத் தோன்றிப் புகழ்பெற்ற ராஜமாணிக்கத்துக்கு 'நவாப்' என்பதே பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவரை முஸ்லிம் என்றெண்ணிய நம்மவரும் உண்டு. செந்துறையில் அன்று தாஜுல் முலூக்காக வந்தவரும் நெற்றியில் நீறு பூசி, கொட்டகைக்குப் பின்னால் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் தலைப்பாகையை அணிந்தார். ஆயினும் மேடையில் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று அவர் சொன்னபோது, மணலில் அமர்ந்திருந்த நாலைந்து முஸ்லிம் குடும்பத்தார் தம்மையறியாமல் பதில் சலாம் உரைத்ததை நாம் கேட்டோம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பாதுஷா மறுபடியும் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். அண்மைக் காலத்தில் அதே வட்டாரத்தில் பெயர்கேட்டு முகம்சுளிக்கும் மனிதர்களையும் சந்தித்த நமக்கு, அந்தச் சலாம் அடிக்கடி காதில் ஒலிக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், அவ்வட்டாரத்தில் முதிய ஆர்மோனியக்காரர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றோம். அவர் காலமாகியிருந்தார். பெட்டியை யாரோ பஜனை மடத்துக்குக் கேட்டு வாங்கிச் சென்றதாக மகன் கூறினார். பாட்டுப் புத்தகங்கள்? கறையான் அரித்ததைக் கொளுத்தியதுபோக, எஞ்சியது ஒன்று என்று உள்ளே சென்று எடுத்துவந்தார். அட்டை இல்லை, முதல் பத்துப் பக்கங்களும் இல்லை. பகாவலி கல்லாகும் கட்டத்தின் பாட்டு மட்டும் முழுதாக இருந்தது. அதன் ஓரத்தில் 'பார்ஸி மெட்டு' என்ற அச்சைப் பென்சிலால் அடித்துவிட்டு, அந்த மனிதர் தம் கைப்பட ஒரு நாகூர்ப் பாட்டின் பெயரைக் குறித்து, 'இந்த மாதிரி' என்று எழுதியிருந்தார்.

அதை நாம் உஸ்தாதிடம் காட்ட விரும்பினோம். அவர் மர்ஹூமாகிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன.