அம்பின் முனையும் எய்பவர் அறிவும்

1911ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் ஓரோவில் நகரருகே, யாஹி இனத்தின் இறுதி மனிதராகிய இஷி வெளிப்பட்டார். அவர்தம் மக்களுட் பெரும்பாலோரைக் குடியேறிய வெள்ளையரின் துப்பாக்கிகள் 1860களிலேயே பலிகொண்டிருந்தன. சான் பிரான்சிஸ்கோ நூதனசாலையில் வாழ்ந்த அவரிடம் வைத்தியர் சாக்ஸ்டன் போப் வில்வேட்டை பயின்றார்.

எரிமலைக் கண்ணாடியிலும், வெறும் போத்தல் துண்டிலும் இஷி அம்புமுனை செதுக்கினார். முனை கூரியதே. ஆயினும், மானின் இதயமும் நுரையீரலும் உள்ள இடத்தில் தைக்காத முனையால் யாது பயன்? ஓசையின்றி அண்மித்து, இடமறிந்து எய்வதே அவர் கலை.

1916இல் சயரோகம் அவரைக் கொன்றது. இன்று புதுப்புது உருக்கு முனைகள் சந்தையிற் குவிகின்றன. முனையை வாங்கலாம், தலைமுறைகளின் உழைப்பு ஈட்டிய அறிவை வாங்கவியலாது. ஓரினத்தை அழிப்போர் அவ்வறிவையும் அழிக்கின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.