பிணத்தருகே நின்ற பஞ்சாயத்தார்

சென்னைப் பட்டணத்தில் சந்தேகச் சாவு நேர்ந்தால் விசாரிக்க, 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி சில காலம் கொரோனர் இருந்தார். செங்கல்பட்டுக் கிராமங்களுக்கு அவர் வரமாட்டார்.

அங்கே தலையாரி ஓடிவந்து கிராம முன்சீபிடம் சேதி சொல்வார், பிறகுதான் போலீஸ். அக்கம்பக்கத்து மரியாதைப்பட்டவர்கள் இருவராவது பஞ்சாயத்தாராக உடனிருக்க, காயம், எலும்பு முறிவு, கன்றிய தழும்பு, பட்ட ஆயுதம் எல்லாவற்றையும் எழுதச் சொன்னது 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு.

அடிபட்டுச் செத்தவர் பண்ணையாள் என்றால் அந்த மரியாதைப்பட்டவர் யார்? மிராசுதாரின் உறவுக்காரரே வந்து நிற்கச் சட்டத்தில் தடை இருக்கவில்லை. அநியாயம் அங்கேயே தொடங்கிவிட்டது.

போலீஸ் பிடியிலும் உடம்புகள் நொறுங்கின. வரிக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் கிட்டி போட்டு விரல்களை நசுக்கியதை 1855ஆம் ஆண்டுச் சித்திரவதைக் கமிஷன் பதிவு செய்தது. காவலில் நேர்ந்த சாவை மாஜிஸ்திரேட்டே விசாரிக்க வேண்டும் என்ற, அதே 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 176ஆம் பிரிவு, புதைத்த உடலைத் தோண்டிப் பார்க்கவும் அவருக்கு அதிகாரம் தந்தது.