பால் நாரையும் மஞ்சள் மூக்கு நாரையும்: சிலாங்கூர்க் கரையில் ஒரு பறவையின் வரலாறு

என் வகுப்பு மாணவர்கள் முன்னிலையில் நான் செய்த ஒரு பிழையிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது.

2012ஆம் ஆண்டில் ஒரு நாள், கிள்ளானிலிருந்து நான்காம் ஆண்டு மாணவர்களைப் பேருந்தில் அழைத்துக்கொண்டு தேசிய விலங்குக்காட்சிசாலைக்குச் சென்றோம். மக்கள் நாவில் அது என்றுமே சூ நெகாராதான். அது அமைந்திருக்கும் இடத்தின் பெயர் உலு கிள்ளான். ஆதலால், "நம்ம ஊருக்குப் பக்கத்துலதானே டீச்சர்?" என்று பேருந்தில் ஏறும்போதே ஒரு மாணவன் கேட்டான். ஒன்றரை மணி நேரச் சாலை நெரிசலுக்குப் பின் அவனுடைய ஐயம் தானாகவே தீர்ந்தது.

அங்குள்ள ஏரிக்கரையில் கூண்டு எதுவுமின்றி நாரைகள் கூட்டமாக நின்றிருந்தன. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில் சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாடலை மனனம் செய்து ஒப்பித்தவள் நான். வறுமையால் ஊரைவிட்டு வந்து குளிரில் நடுங்கும் புலவர், வானில் செல்லும் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்பும் பாடல் அது. அந்த ஆர்வத்தில், "பிள்ளைகளே, இதோ நிற்பதுதான் செங்கால் நாரை. அதன் சிவந்த அலகையும் காலையும் பாருங்கள்" என்று கூறிவிட்டேன்.

முன்வரிசையில் நின்ற ஒரு மாணவி கையை உயர்த்தினாள். "டீச்சர், இதுக்கு மூக்கு மஞ்சளாத்தானே இருக்கு?"

அவள் கூறியது முற்றிலும் உண்மை. நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு, பிள்ளைகளை யானை இருக்கும் பக்கம் அழைத்துச் சென்றேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான், அந்த ஏரிக்கரையில் நின்றவை ஓர் இனமல்ல, இரண்டு என்பது தெரிந்தது. இரண்டுமே செங்கால் நாரை அல்ல. அவ்விரண்டும் அங்கே ஒன்றாக நின்றதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறும் ஒரு சிக்கலும் இருந்தன.

முதலாவது, இம்மண்ணுக்கே உரிய பால் நாரை. மலாய் மொழியில் பூரோங் உப்பே என்பர். உப்பே என்றால் பாக்கு மட்டை. உடல் முழுதும் வெண்மை. அதில் பாலாடை போன்ற ஒரு மங்கல். சிறகின் ஓரமும் வாலும் கருமை. முகம் இறகற்றுச் சிவந்திருக்கும். இரண்டாவது, இந்தியாவிலும் இலங்கையிலும் மிகுதியாக வாழும் மஞ்சள் மூக்கு நாரை. இதன் மார்பில் கருப்பும் வெள்ளையும் கலந்த பட்டை உண்டு. வாலருகே உள்ள இறகுகளில் இளஞ்சிவப்பு படர்ந்திருக்கும். இங்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழில் நாம் வைத்த பெயர் இவ்விடத்தில் உதவாது, ஏனெனில் பால் நாரைக்கும் மூக்கு மஞ்சள்தான். தமிழகத்தில் வழங்கும் மற்றொரு பெயரான ‘சங்குவளை நாரை’ எனக்கு இதனினும் பிடித்திருக்கிறது.

இரண்டும் நெருங்கிய உறவினங்கள். இரை தேடும் முறையும் ஒன்றே. கலங்கிய நீரில் பாதி திறந்த அலகை விட்டுத் துழாவும்; மீன் அலகில் பட்டதும் கண்ணிமைக்கும் நேரத்தில் அலகு மூடிக்கொள்ளும். கண்ணால் பார்த்து வேட்டையாடுவதை விடத் தொட்டுணர்ந்து பிடிப்பதே மிகுதி. வாழிடந்தான் வேறு. மஞ்சள் மூக்கு நாரை ஏரி, குளம், வயல் என நன்னீரை நாடுவது. பால் நாரை இங்குக் கடலோரப் பறவை. அலையாத்திக் காட்டையும் அதன் முன்னால் விரியும் சேற்றுத் திடலையும் விட்டு வெகுதூரம் செல்லாது.

ஆகவே இதனை வலசைப் பறவை என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடக் கூடாது. வலசைப் பறவைகளைக் காண விரும்புவோர் காப்பார் பக்கம் செல்லலாம். சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் உள்ளான்கள், கடல் பெருகிச் சேற்றுத் திடல் மூழ்கும் வேளையில், காப்பார் மின்னிலையத்தின் சாம்பல் குளங்களில் வந்து ஓய்வெடுப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். ஒரு கரையைக் கைவிட்டாலும் அவற்றுக்கு மற்றொரு கரை கிடைக்கலாம். பால் நாரைக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

இப்பறவைகளை எண்ணிப் பார்க்கும் வேலை கோலாலம்பூரில் எப்போது தொடங்கியது? 1983இல் இண்டர்வேடர் என்னும் ஆய்வுத் திட்டம் இங்கே உருவாயிற்று. டங்கன் பாரிஷும், மலாயாப் பல்கலைக்கழக விலங்கியலாளர் டேவிட் வெல்ஸும் அதன் முதல் அறிக்கைகளை எழுதினர். தென்கிழக்காசியக் கரைகளில் எந்தப் பறவை, எங்கே, எத்தனை என்று முறையாகக் கணக்கிட்ட முன்னோடி முயற்சி அது. பின்னர் அதுவே ஆசிய ஈரநிலப் பணியகமாக வளர்ந்தது. 1987இல் இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கி, இன்றும் ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் அக்காலத்து முயற்சியே.

எண்ணியதால்தான் இழப்பும் தெரிய வந்தது. தீபகற்ப மலேசியாவில் பால் நாரையின் முதன்மையான இருப்பிடம் பேரா மாநிலத்து மாத்தாங் அலையாத்திக் காடு. நாட்டின் முதல் இருப்புப்பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை போடப்பட்டது என்று வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோமே, அந்தப் போர்ட் வெல்டைச் சூழ்ந்த காடுதான் இது. ஏறத்தாழ 40,000 எக்டர். 1902 முதல் திட்டமிட்டுப் பராமரிக்கப்படுவது. 30 ஆண்டுக்கு ஒருமுறை மரம் வெட்டிக் கரிச்சூளைக்கு அனுப்பி, மீண்டும் நட்டு வளர்ப்பார்கள். உலகிலேயே சிறப்பாகப் பராமரிக்கப்படும் அலையாத்திக் காடுகளுள் ஒன்று என இதனைப் புகழ்வர். அப்புகழ் தகுதியானதே. ஆயினும் நாரைக்கு வேண்டியது வேறு. கூட்டமாகக் கூடு கட்ட உயர்ந்து முதிர்ந்த மரங்கள் வேண்டும். குஞ்சு வளரும் மாதங்களில் மனித நடமாட்டம் குறைவாக இருக்க வேண்டும். அருகிலேயே ஆழமற்ற நீரில் மீன் நிறைந்திருக்க வேண்டும். இம்மூன்றும் ஓரிடத்தில் அமைவது அரிதாகிக்கொண்டே வந்தது. கரையோரக் காடுகள் இறால் குளங்களாக மாறியதும் ஒரு காரணம். 1984இல் 100க்கு மேல் எண்ணப்பட்ட பறவை, 2005இல் 10க்கும் கீழே வந்துவிட்டது.

இந்நிலை வருமுன்பே சூ நெகாரா ஒரு முயற்சியில் இறங்கியிருந்தது. 1963இல் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்த இந்நிலையத்தில், 1987 முதல் பால் நாரைகளை இனப்பெருக்கம் செய்யத் தொடங்கினர். அதே 1987இல்தான் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவும் அமைந்தது. புக்கிட் மலாவத்தியின் அடிவாரத்தில் கோல்ப் திடலாக வேண்டியிருந்த நிலத்தை, இயற்கைக் கழகத்தினர் மாநில அரசுடன் பேசிக் காப்பாற்றினர். மலைக்குக் குடும்பத்தோடு சென்று குரங்குகளுக்குக் கச்சான் போட்டுவிட்டுத் திரும்பும் நம்மவர்கள் பலர், கீழே இப்படி ஒரு பூங்கா இருப்பதை அறியார். காட்சிசாலையில் பிறந்த நாரைகள் 1998இல் இப்பூங்காவில் விடப்பட்டன. அடுத்து 2007இல், மாத்தாங் காட்டின் வடகோடியில் உள்ள கோலா கூலாவிலும் விடப்பட்டன.

பறவையைத் திறந்துவிடுவது எளிது. கையால் மீன் போட்டு வளர்த்த பறவைக்கு, சேற்றில் இரை தேடவும் மனிதரைக் கண்டு விலகவும் யார் கற்பிப்பது? தாய்ப்பறவை கற்பிக்க வேண்டிய பாடத்தை மனிதர் கற்பிக்க முயலும்போது எத்தனை இடர் நேரும் என்பதை ஆசிரியர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இரை கிடைத்தாலும் அது தூயதா என்பது அடுத்த கேள்வி. புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்சிசாலை, கோலசிலாங்கூர், கோலா கூலா ஆகிய இடங்களில் வாழும் பால் நாரைகளின் உடலில் கன உலோகங்கள் சேர்ந்துள்ளனவா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். நம் ஆறுகள் எதைச் சுமந்து கடலில் சேர்க்கின்றனவோ, அது கெராங்கிலும் மீனிலும் சேர்ந்து நாரைக்கும் வருகிறது. நம் சமையலறைக்கும் அதே கெராங்தான் வருகிறது.

இனி, அந்த ஏரிக்கரைக்கு வருகிறேன். பால் நாரைகளோடு மஞ்சள் மூக்கு நாரைகளும் அங்கே தடையின்றி உலவின. இயற்கையில் இவ்விரு இனங்களும் பெரும்பாலும் வெவ்வேறு நாடுகளில் வாழ்வன; கம்போடியா போன்ற சில இடங்களில் மட்டுமே சந்திப்பன. இங்கோ ஒரே ஏரி, ஒரே மரம். அவை இணை சேர்ந்தன. கலப்புக் குஞ்சுகள் பிறந்தன. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு சொட்டுக் குருதியை அட்டையில் சேகரித்து மரபணுவை ஆராய்ந்து, கலப்புப் பறவையை இனங்காணும் வழியை மலேசிய ஆய்வாளர்கள் காட்டினர். சிங்கப்பூரிலும் இதே நிலை. 2019இல் அந்நாட்டுத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, மஞ்சள் மூக்கு நாரையின் மரபணு பால் நாரைக்குள் ஊடுருவியிருப்பதை உறுதிப்படுத்தியது. கலப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் இதில் கவலைக்குரியது. தூய பால் நாரை என எண்ணிக் காட்டில் விடும் பறவையே கலப்பைக் காட்டுக்குக் கொண்டு செல்லக்கூடும். எண்ணிக்கை கூடக்கூட இனம் கரைந்துபோகும் விந்தையான நிலை இது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2013இல் பால் நாரையை அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலுக்கு உயர்த்தியது.

இதைப் படிக்கும் பெற்றோர் சிலர் மனிதருக்கும் இதை உவமையாக்கிப் பேசக்கூடும். வேண்டாம். மனிதர் அனைவரும் உயிரியலில் ஒரே இனம். நாரைகள் இரண்டும் வெவ்வேறு இனங்கள். வகுப்பில் இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறேன்.

மஞ்சள் மூக்கு நாரை மீது எனக்கு வருத்தமில்லை. அதன் தாயகத்தில் அதற்கு நல்ல காவல் இருந்திருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கல் ஏரியில் அது ஆண்டுதோறும் கூடு கட்டுகிறது. பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகும் என்று கண்ட அவ்வூர் உழவர்கள், யாரும் சொல்லாமலே அவற்றைக் காத்தனர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஆட்சியரிடம் முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆட்சியர் லயனல் பிளேஸிடமிருந்து பாதுகாப்பு ஆணை பெற்றனர். 1936இல் அரசு அதனைச் சரணாலயமாக ஏற்பதற்கு நெடுங்காலம் முன்பே, ஊரார் அதைச் சரணாலயமாக்கிவிட்டனர். பால் நாரைக்கு அப்படி ஓர் ஊர் வாய்க்கவில்லை. அது வாழ்வது அலையாத்திக் காட்டில். மீனவரும் கரிச்சூளைத் தொழிலாளரும் வந்து போகும் இடம் அது. அவர்களுக்கு நாரையால் வயல் விளையவில்லை. ஆகையால் பணி முழுவதும் ஆய்வாளர், அதிகாரி, தன்னார்வலர் தலையில் விழுந்தது.

2019ஆம் ஆண்டு இறுதியில், மற்றொரு வகுப்பை அதே ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றேன். இம்முறை நான் எதையும் அறிவிக்கவில்லை. ஆளுக்கொரு தாள் கொடுத்து, மார்பில் பட்டை உண்டா, முகம் என்ன நிறம், வாலருகே இளஞ்சிவப்புத் தெரிகிறதா என்று பார்த்து எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் இரண்டு பத்திகளில் அழகாக எண்ணிக்கை எழுதித் தந்தனர். ஒரு மாணவன் மட்டும் தானாகவே மூன்றாவதாக ஒரு கோடு போட்டு, மேலே ‘தெரியவில்லை’ என்று எழுதி, அதன் கீழே நான்கு பறவைகளைக் குறித்திருந்தான். அந்தத் தாளுக்குத்தான் அன்று முழு மதிப்பெண் கொடுத்தேன்.