வராத படை

1769 ஏப்ரலில் சென்னையில் கையெழுத்தான உடன்படிக்கையின் ஒரு விதி, அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குத் தென்னாட்டு அரசியலை ஆட்டிவைத்தது. மைசூரை ஆண்ட ஐதர் அலியின் மீதோ ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மீதோ வேறொருவர் படையெடுத்தால், மற்றவர் தம் படையை அனுப்பி எதிரியை விரட்டத் துணைநிற்க வேண்டும் என்றது அந்த விதி. உதவிக்கு வரும் படைக்கு யார் எவ்வளவு தருவது என்பதுகூட எழுதப்பட்டிருந்தது: குதிரைவீரனுக்கு மாதம் 15 ரூபாய், சிப்பாய்க்கு ஏழரை ரூபாய். சம்பளம்வரை பேசி முடித்த ஏற்பாடு. ஆனால் அடுத்த ஆண்டே அதற்குத் தேவை வந்தபோது சென்னையிலிருந்து ஒரு சிப்பாய்கூடப் புறப்படவில்லை.

கம்பெனி அந்த விதிக்கு விரும்பி இணங்கவில்லை. 1767இல் தொடங்கிய முதல் மைசூர்ப் போரின் இறுதியில், ஐதர் தம் பெரும்படையைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஏறத்தாழ ஆறாயிரம் குதிரைவீரர்களுடன் மின்னலாய் வந்து பரங்கிமலை அருகே நின்றார். கம்பெனியின் படை வெகுதூரம் பின்தங்கியிருந்தது. கோட்டையைப் பிடிப்பது ஐதரின் நோக்கமன்று. கோட்டைக்கு வெளியே இருந்த தோட்டவீடுகளும் கடைத்தெருக்களும் எரியும் என்ற அச்சமே போதுமானதாக இருந்தது. சென்னைக் கவுன்சில் தன் உறுப்பினர் ஜோசையாஸ் டுப்ரேயைப் பேச்சுவார்த்தைக்கு அனுப்பியது. பிடித்த இடங்களைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுப்பதில் இருவருக்கும் சிக்கல் இல்லை. ஐதர் விடாப்பிடியாகக் கேட்டது படைத்துணை உறுதி. மைசூருக்கு வடக்கே மராத்தியப் பேஷ்வா முதலாம் மாதவராவின் குதிரைப்படை அடிக்கடி தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளத்துக்குத்தான் அவர் அணை தேடினார். கழுத்தில் கத்தி இருக்கும்போது தந்த வாக்கு என்று கவுன்சில் அதைக் கருதியது. கையெழுத்திட்ட வாக்கு என்று ஐதர் கருதினார்.

இந்த உடன்படிக்கையில் சேர ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா மறுத்துவிட்டார். அதற்குக் காரணம் 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையில் இருந்தது. ஏழாண்டுப் போரை முடித்த அந்த ஆவணத்தின் 11ஆம் விதியில், பிரிட்டனும் பிரான்சும் முகம்மது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாபாகவும் சலாபத் ஜங்கைத் தக்காணத்தின் சுபேதாராகவும் ஏற்றன. சலாபத் ஜங்கை அவர் தம்பி நிஜாம் அலி முன்பே பதவியிறக்கிச் சிறைவைத்திருந்தார் என்பது பாரிஸில் கூடியவர்களுக்கு எட்டவில்லை. எனினும், கடல் கடந்த இரு வல்லரசுகள் தம்மைப் பெயர் சொல்லி ஏற்றதால், கம்பெனியைத் தாண்டி நேரே லண்டன் அரசரோடு உறவு வைக்கலாம் என்று நவாப் கணக்கிட்டார். அவருடைய முறையீட்டுக்குப் பலன் கிடைத்தது. 1770இல் கப்பற்படைத் தளபதி சர் ஜான் லிண்ட்சே, அரசரின் தூதராக நவாபின் அவைக்கு வந்தார். சென்னைக் கோட்டையில் கம்பெனியின் கவுன்சில். சேப்பாக்கத்து அரண்மனையில் அரசரின் தூதர். ஒரே நாட்டவரின் இரண்டு கொள்கைகள் ஒரே நகரத்தில் முட்டிக்கொண்டன.

இந்தக் குழப்பத்தின் நடுவில்தான் மராத்தியர் மைசூருக்குள் நுழைந்தனர். 1771 மார்ச்சில் சின்னகுறளி அருகே திரிம்பக்ராவின் படையிடம் ஐதர் பெருந்தோல்வி கண்டு, ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைக்குள் ஒதுங்கினார். சென்னைக்கு அவருடைய வக்கீல்கள் (அக்காலத்தில் தூதருக்கு அதுவே பெயர்) திரும்பத் திரும்ப வந்தனர். எதிர்ப்பக்கம் மராத்தியரும் தம்மோடு சேரும்படி கம்பெனியை அழைத்தனர். நவாபும் லிண்ட்சேயும், லிண்ட்சேக்குப் பின் வந்த ஹார்லண்டும், மராத்தியரோடு சேரச் சொன்னார்கள். கவுன்சில் எந்தப் பக்கமும் சாயவில்லை. ஐதருக்கு உதவினால் மராத்தியர் ஆர்க்காட்டைச் சூறையாடுவார்கள். மராத்தியருக்கு உதவினால் கையெழுத்திட்ட உடன்படிக்கையை வெளிப்படையாகவே மீறியதாகும். சும்மா இருப்பதே மலிவான வழி. ஆனால் உதவுவேன் என்று எழுதிக்கொடுத்தவர் சும்மா இருப்பதும் மீறல்தான் என்ற எளிய விஷயத்தைக் கவுன்சில் கண்டுகொள்ளவில்லை. 1772இல் நிலத்தையும் பெரும்பணத்தையும் கொடுத்து ஐதர் சமாதானம் வாங்கினார். அதன்பின் ஆங்கிலேயரின் கையெழுத்தை அவர் ஒருபோதும் நம்பவில்லை.

இதே ஆண்டுகளில் தஞ்சாவூருக்கு நடந்தது இதைவிட மோசம். 1762இல் சென்னை ஆளுநர் ஜார்ஜ் பிகாட்டின் முன்னிலையில் தஞ்சை மராத்திய அரசருக்கும் நவாபுக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பாக்கிக்காக 22 லட்சம், ஆண்டுதோறும் நான்கு லட்சம் ரூபாய் எனக் கப்பத்தொகை நிர்ணயமானது. கம்பெனி அதற்கு உத்தரவாதம் அளித்தது. 1771இல் நவாப் தஞ்சை மீது படையெடுத்தபோது, உத்தரவாதம் தந்த கம்பெனியின் படையே அவருக்காகக் கோட்டையை முற்றுகையிட்டது. மீண்டும் நடந்த தாக்குதலில் 1773 செப்டம்பரில் கோட்டை விழுந்து, அரசர் துளஜாஜி சிறைப்பட்டார். தஞ்சையின் விளைச்சலை ஈடாகக் காட்டி நவாப் சென்னையில் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர்களில் பலர் கம்பெனி ஊழியர்களே. லண்டன் இயக்குநர்கள் இதைக் கண்டித்து, பிகாட்டை மீண்டும் ஆளுநராக அனுப்பினர். 1776 ஏப்ரலில் அவர் தஞ்சையைத் துளஜாஜிக்கே மீட்டுத் தந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அவருடைய கவுன்சிலின் பெரும்பான்மையினர் அவரைக் கைது செய்தனர். மறு ஆண்டு காவலிலேயே இறந்தார். வாக்கைக் காக்க முயன்ற ஒரே ஆளுநருக்குக் கிடைத்தது அந்தக் காவல்தான்.

1779 மார்ச்சில் மலபார்க் கரையில் பிரெஞ்சுக்காரரின் மாஹேயைக் கம்பெனி பிடித்தது. ஐதருக்குத் துப்பாக்கியும் வெடிமருந்தும் வந்த துறைமுகம் அது. தம் பாதுகாப்பில் உள்ள இடம் என்று அவர் எச்சரித்திருந்தார். அந்த ஆண்டே சென்னை ஆளுநர் ரம்போல்டு, தரங்கம்பாடி மிஷனில் பணியைத் தொடங்கிய பாதிரியார் சுவார்ட்ஸை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார். தமிழும் மராத்தியும் பாரசீகமும் அறிந்த சுவார்ட்ஸின் நேர்மையை ஐதர் மதித்தார், அனுப்பியவர்களை மதிக்கவில்லை. உடன்படிக்கை மீறப்பட்டதை ஒவ்வொன்றாய் எடுத்துச் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினார். பிறகு மராத்தியரோடும் தக்காணத்து நிஜாமோடும் சேர்ந்து கம்பெனிக்கு எதிராக ஒரு கூட்டணி அமைத்தார். முன்பு தம் நாட்டைப் பறித்தவர்களோடு கைகோத்தார்.

1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியே ஐதரின் பெரும்படை இறங்கியது. அதே மாதத்தில் ஐதரின் மகன் கரீம் பரங்கிப்பேட்டையைக் கொள்ளையிட்டார். செப்டம்பர் 10இல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. பிறகு போர் தெற்கே, வெள்ளாற்றுக்கும் கடலூருக்கும் நகர்ந்தது. மணிமுத்தாறு ஓடும் விருத்தாசலமும், அதற்கு மேற்கே உள்ள மங்களூரும் அடங்கிய இந்தச் சமவெளிக்குப் படைகள் புதியவை அல்ல. 1751இல் விருத்தாசலம் கோயிலில் காவல்படை இருந்தது. அதற்கு உதவிப்படை கொண்டுவந்த இளைஞர் இருவரில் ஒருவர் ராபர்ட் கிளைவ். மற்றவர், பின்னாளில் தஞ்சைக்கு உத்தரவாதம் தந்த பிகாட். உயர்ந்த மதிலும் உள்ளே கிணறும் இருந்ததால், அந்த நூற்றாண்டில் பெரிய கோயில்கள் பலவும் கோட்டையாக்கப்பட்டன. 1781 ஜூனில் ஐதரின் ஆட்கள் காத்து நின்ற சிதம்பரம் கோயிலைத் தாக்கிய கம்பெனித் தளபதி சர் அயர் கூட் தோற்றுப் பின்வாங்கினார். அதே மாதம் தியாகதுர்க்கத்தை ஐதரின் மூத்த மகன் திப்பு பிடித்தார். ஜூலை 1இல் பரங்கிப்பேட்டைப் போரில் கூட்டின் சுமார் எட்டாயிரம் பேர், பல மடங்கு பெரிய மைசூர்ப் படையைப் பின்வாங்கச் செய்தனர்.

வென்றாலும் கூட்டால் துரத்த முடியவில்லை: வண்டி இழுக்க மாடு இல்லை, சோற்றுக்கு அரிசி இல்லை. எதிரிக்கு எதுவும் கிடைக்கக்கூடாது என்று ஐதரின் குதிரைப்படை ஊர்களை எரித்து, மாடுகளையும் மக்களையும் ஓட்டிச் சென்றிருந்தது. கம்பெனியின் படை கடல்வழி வரும் மூட்டைகளை நம்பிக் கடலூரில் கிடந்தது. தஞ்சைப் பக்கத்தில் இந்த ஆண்டுகளை ஐதர் கலாபம் என்றே சொன்னார்கள். ஊர்களை விட்டுச் சென்னைக்கு ஓடியவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் எழுந்த ஏற்பாடுதான் வண்ணாரப்பேட்டையின் மணியக்காரர் சத்திரம். மக்கள் வாயில் அது கஞ்சித்தொட்டி. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் வேர் அங்கே இருக்கிறது. 1769இல் யார் யாருக்கு என்ன எழுதிக்கொடுத்தார் என்பது அந்தக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

ஐதரின் கூட்டாளிகளும் அவருக்கு நிலைக்கவில்லை. குண்டூரைத் திருப்பிக் கொடுத்து நிஜாமைக் கம்பெனியின் தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் தொடக்கத்திலேயே பிரித்தெடுத்தார். 1782 மே மாதச் சால்பாய் உடன்படிக்கையில் மராத்தியர் தனியாகச் சமாதானம் செய்ததோடு, ஐதர் பிடித்த ஆர்க்காட்டுப் பகுதிகளைத் திருப்பித்தரச் செய்வதாகவும் ஆங்கிலேயருக்கு உறுதி கூறினர். எஞ்சியது பிரான்ஸ். சுப்ரென் தலைமையில் வந்த கப்பல்கள் 1782 தொடக்கத்தில் பரங்கிப்பேட்டையில் படையை இறக்கின. ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சுக்காரர் வசமானது. ஜூலையில் கடலூர் அருகே ஐதரின் பாசறையில் சுப்ரென் அவரைச் சந்தித்தார். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் பெரும்படை வருகிறது, வருகிறது என்ற செய்தியே வந்துகொண்டிருந்தது. டிசம்பர் 7இல் சித்தூர் அருகே ஐதர் இறந்தார்; புஸ்ஸி கரையிறங்கியது 1783 மார்ச்சில்.

1783 ஜூனில் கடலூரில் நிலத்திலும் கடலிலும் கடும்போர் நடந்தது. போர் இன்னும் முடிவாகாத நிலையில், ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தியோடு ஒரு கப்பல் வந்தது. ஐந்து மாதம் தாமதமாக வந்த அந்தக் கடிதத்தால் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அந்தச் சமாதானத்தில் இந்தியக் கூட்டாளிகளுக்கு ஒரு விதி இருந்தது: அவர்களும் சமாதானத்தில் சேர அழைக்கப்படுவார்கள், நான்கு மாதத்துக்குள் சேராவிட்டால் பிரான்ஸ் அவர்களுக்கு உதவாது. அப்போது திப்பு, கம்பெனியின் கையிலிருந்த மேற்குக் கடற்கரையின் மங்களூர்க் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். அவர் படையில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள், புஸ்ஸியின் கட்டளைப்படி ஆயுதத்தைக் கீழே வைத்து விலகிக்கொண்டனர். திப்பு தனியாகவே முற்றுகையைத் தொடர்ந்தார். பசியில் வாடிய கர்னல் கேம்பெலின் படை 1784 ஜனவரி இறுதியில் கோட்டையை ஒப்படைத்தது.

1784 மார்ச் 11இல் அங்கேயே மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தானது. வெள்ளாற்றங்கரையில் எரிந்த ஊர்களுக்கான கணக்கு, அங்குள்ள மங்களூரின் பெயரையே கொண்ட வேறோர் ஊரில் முடிக்கப்பட்டது. சென்னை ஆளுநர் மெக்கார்ட்னி அனுப்பிய மூவர் திப்புவின் பாசறைக்கே சென்று கையெழுத்திட்டனர். பிடித்த நிலமும் கைதிகளும் பரஸ்பரம் திரும்பின. 1769இன் படைத்துணை விதி இம்முறை இல்லை. எதிரிகளுக்கு உதவுவதில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். இருதரப்பின் நண்பர்கள் பட்டியலில் தஞ்சை, திருவிதாங்கூர் அரசர்கள் இருந்தனர். நவாப் முகம்மது அலியின் பெயர் இல்லை. அதைக் குறையாகச் சொல்லி ஹேஸ்டிங்ஸ் சீறினார்.

பட்டியலில் இருந்த திருவிதாங்கூர் மீது 1789 டிசம்பரில் திப்பு பாய்ந்தபோது, கம்பெனி இம்முறை வாக்கைக் காத்தது. கல்கத்தாவில் இருந்த தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் மைசூரை ஒடுக்கும் தருணத்தை எதிர்பார்த்திருந்தார். நிஜாமும் பேஷ்வாவும் 1790இல் அவரோடு சேர்ந்தனர். 1792இல் திப்பு பாதி நாட்டை இழந்தார். மலபாரும் திண்டுக்கல்லும் சேலத்தை ஒட்டிய பாரமகாலும் கம்பெனிக்கு வந்தன. காப்பாற்றப்பட்ட திருவிதாங்கூருக்குப் போர்ச்செலவில் பங்கும், 1795 முதல் படைச்செலவுக்கான ஆண்டுத்தொகையும் வந்து சேர்ந்தன.

முகம்மது அலி அதே 1795இல் இறந்தார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கிடைத்த கடிதங்களை வைத்து, அவரும் அவர் மகனும் திப்புவோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்ததாகக் கம்பெனி குற்றம் சாட்டியது. 1801 ஜூலை 31இல், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு ஆட்சியை ஒப்படைக்கும் ஆவணத்தில் அவருடைய பேரன் அசீம் உத்தௌலா கையெழுத்திட்டார். விருத்தாசலமும் மங்களூரும் அடங்கிய வெள்ளாற்றுச் சமவெளி, கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள், தென்னார்க்காடு கலெக்டரின் வரிக்கணக்கில் சேர்ந்தது.