பறக்கப் பழகிய வரலாறு

பறவைக்குப் பறத்தல் இயற்கை தந்த வரம். மனிதனோ அதனைப் படிப்படியாகக் கற்க வேண்டியவனானான். விமானம் படைக்கப்பட்ட கதையை மாணவர் பலரும் அறிவர். ஒன்றும் அறியாத புதியவர்க்கு அதனை ஓட்டக் கற்பிக்கும் முறை எவ்வாறு பிறந்தது என்பதை அறிந்தவர் சிலரே.

ஜெர்மனி நாட்டில் ஓட்டோ லிலியந்தால் என்னும் பொறியாளர், குன்றுகளின் மீதிருந்து எஞ்சின் இல்லாத சறுக்கு விமானத்தில் இறங்கிப் பழகினார். 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவ்வாறு பறக்கையில் விழுந்து உயிர் நீத்தார். ஐந்தாண்டு உழைப்பில் அவர் காற்றில் இருந்த நேரம் ஏறக்குறைய 5 மணியே என்று அமெரிக்கரான வில்பர் ரைட் எடுத்துக் காட்டினார். இத்துணைச் சிறு பயிற்சியால் ஒரு கலை கைவருமா? ஆதலின் ரைட் சகோதரர்கள் எஞ்சின் பூட்டுமுன், கிட்டி ஹாக் மணற்குன்றுகளில் சறுக்கிப் பழகினர். 1902ஆம் ஆண்டில் மட்டும் பல நூறு முறை பறந்தனர். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அவர்களது எஞ்சின் விமானம் முதன்முறை 12 விநாடிகளே பறந்தது. அன்றே நான்காம் முறை 59 விநாடிகளில் 852 அடி கடந்தது.

அவர்கள் தமக்குத் தாமே ஆசிரியர். பின்வந்தோர்க்கு ஆசிரியர் வேண்டியிருந்தது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் இளைஞர் பலர் பகைவரைக் காணுமுன்னரே பயிற்சியில் மடிந்தனர். விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்தால், இறக்கை தன் தூக்கு விசையை இழக்கும். விமானம் சுழன்று வீழத் தொடங்கும். அச்சுழற்சியிலிருந்து மீளுதல் அரிது என்று அஞ்சிய ஆசிரியர், மாணவரை அதன் அருகே செல்லவும் விடவில்லை. அறியாத ஆபத்து எதிர்பாராமல் வந்தபோது, மாணவர் செய்வதறியாது மாண்டனர்.

இந்நிலையை மாற்றியவர் ராபர்ட் ஸ்மித்-பாரி. 1917ஆம் ஆண்டில் காஸ்போர்ட் என்னுமிடத்தில் அவர் புதிய பயிற்சிப் பள்ளியை நடத்தினார். இருவரும் இயக்கத்தக்க இரட்டைக் கட்டுப்பாடுள்ள ஆவ்ரோ விமானத்தில், மாணவனையே விமானியின் இருக்கையில் அமர்த்தினார். எஞ்சின் இரைச்சலிடையே ஆசிரியர் சொல் கேட்பதற்குப் பேசுங்குழாய் ஒன்றும் பயன்பட்டது. ஆபத்தை ஒளிக்காமல், வேண்டுமென்றே விமானத்தைச் சுழலச் செய்து, சுழற்சிக்கு எதிராகச் சுக்கானை மிதித்து, பிடிகோலை முன்னே தள்ளி மீளும் வகையைக் காட்டினார். காரணம் தெரிந்தவுடன் அச்சம் அகன்றது. இன்றைய விமானப் பயிற்சியின் அடித்தளம் இம்முறையே.

போருக்குப் பின், 1925ஆம் ஆண்டில் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் 'மாத்' என்னும் சிறு விமானம் தோன்றியது. அதன் இறக்கைகளை மடித்துச் சிறு கொட்டகையில் வைத்துவிடலாம். பறக்கும் சங்கங்கள் பெருகின. படைவீரர் அல்லாதாரும் கற்கலாயினர். லண்டனில் அலுவலகப் பணிபுரிந்த ஏமி ஜான்சன் அவ்வாறு பயின்று, 1930ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்தார். இந்தியாவில் 1929ஆம் ஆண்டு ஜே. ஆர். டி. டாட்டா விமானி உரிமம் பெற்றார். 1936ஆம் ஆண்டில் சரளா துக்ரால் என்னும் 21 வயது மங்கை, லாகூரில் புடவையணிந்தே 'ஜிப்ஸி மாத்' விமானத்தில் தனித்துப் பறந்தார்.

இன்றும் பயிற்சி பெறுவோர்க்குத் தனிப்பறப்பே முதல் பெருநாள். ஆசிரியர் இறங்கிக்கொள்ள, மாணவர் மட்டும் மேலெழுகிறார். அந்த நேரத்தில் துணை நிற்பது மனப்பாடம் செய்த விதியன்று. தவறு நேர்ந்தால் மீளும் வழியைத் தன் கையாலேயே செய்து பார்த்த தெளிவுதான். ஆபத்தை மறைத்தல் காப்பாகாது. அதனை அறிவித்தலே காப்பு. உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற இப்பாடம், வகுப்பறைக்கும் பொருந்தும்.