யாரும் பார்க்காத பந்தயம்

(நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் மட்டும் தொடரவும்.)

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையிலான கடலடிக் கண்ணாடி இழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அதற்கு முன்பு செயற்கைக்கோள் வழியாகக் கசிந்து வந்த இணையத்தில் ஒரு காணொளியைத் திறந்தால், திரையின் நடுவே வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். நாம் போய்ச் சோறு தின்றுவிட்டு வரலாம். எங்கள் தலைமுறைக்குத் திரைப்படம் என்பது சென்னை சென்று திரும்பும் உறவினரின் பென் டிரைவில் வந்த பொருள். வடம் வந்தபின் நான் தடையின்றிப் பார்த்த முதல் தொடர் எது என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது: 2021 சனவரியில் சவூதி அரேபியாவில் நடந்த டக்கார் ராலியின் அன்றாடத் தொகுப்புகள். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், சுவரெல்லாம் பாசி படிந்த அறையில் அமர்ந்து, மணல் பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அன்று தொடங்கியது. ஆய்வேட்டுக்குத் தொடர்பில்லாத கேள்விதான். ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட கேள்விகள்தான் இனிக்கும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பாலைவன நெடும்பந்தயத்தை நேரில் பார்க்க இயலாது என்பது. கால்பந்துக்கு அரங்கம் உண்டு. சோழவரத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலத்தில் ஓடுபாதையை ஒட்டி நின்று பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் மணலில் போட்டியாளர்கள் இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள். வழியோரம் நிற்பவருக்குக் கிடைப்பது ஒரு கணத்து உறுமல், பிறகு வாய் நிறையப் புழுதி. யார் முந்துகிறார் என்பது ஓட்டுநருக்கே மாலையில் நேரப் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். சிதறிய இந்தத் தனிமைகளை ஒன்றாகத் தைத்து ‘பந்தயம்’ ஆக்குவது படத்தொகுப்பாளரின் கத்தரிக்கோல். கேமரா இல்லாவிட்டால் அது தொலைந்துபோன சிலரின் பயணம், அவ்வளவே.

இதனாலேயே பாலைவன ஓட்டமும் கேமராவும் தொடக்கத்திலிருந்து இணைந்தே சென்றிருக்கின்றன. 1922 டிசம்பர் 17 அன்று சிட்ரோயன் நிறுவனத்தின் ஐந்து வண்டிகள் அல்ஜீரியாவின் டுகூர் என்ற ஊரிலிருந்து கிளம்பின. முன்னால் சக்கரம், பின்னால் பட்டைச் சங்கிலி. 1923 சனவரி 7 அன்று டிம்பக்டுவை அடைந்தன. தலைவர்கள் ஜார்ஜ் மாரி ஆர்ட், லூயி ஓதுவான் துப்ரேய். குழுவில் பால் கஸ்தெல்நோ என்ற புவியியலாளரும் இருந்தார். அவர் கையில் இருந்தது படச்சுருள். அடுத்து 1924-25இல் ஆப்பிரிக்காவின் குறுக்கே ‘கறுப்புப் பயணம்’. லியோன் புவாரியே எடுத்த படம் 1926இல் வெளிவந்தது. அதற்கும் அடுத்தது 1931-32இல் பெய்ரூட்டிலிருந்து பீக்கிங் வரை ‘மஞ்சள் பயணம்’. மக்களின் தோல் நிறத்தைக் கொண்டு பயணத்துக்குப் பெயர் வைக்கும் அக்காலத் துணிச்சலை இங்கே குறித்துவிட்டு மேலே செல்கிறேன்.

மஞ்சள் பயணம் நம் பக்கமும் வந்தது. ஸ்ரீநகரிலிருந்து கில்கித் வரை, வண்டிகளைக் கழற்றிச் சுமந்தும் மீண்டும் பூட்டியும் இமயத்தைக் கடந்தார்கள். சுமந்தவர்கள் உள்ளூர்க் கூலிகள். ஆர்ட் ஊர் திரும்பவில்லை. 1932 மார்ச்சில் ஹாங்காங்கில் இறந்தார். என்னை அதைவிட அதிகம் பாதித்தது படமெடுத்தவரின் கதை. ஆந்த்ரே சோவாஜ் என்பவர் அந்த நெடும்பயணம் முழுவதையும் படமாக்கித் தொகுத்தார். லூயி சிட்ரோயனுக்கு அது பிடிக்கவில்லை. படம் சோவாஜின் கையிலிருந்து பறிக்கப்பட்டு, புவாரியேயிடம் கொடுத்து மறுபடி வெட்டி ஒட்டப்பட்டது. 1934இல் திரைக்கு வந்தது அந்த வடிவம்தான். சோவாஜ் சினிமாவையே துறந்து விவசாயி ஆனார். பாலைவனப் படத்தை இறுதியில் யார் தொகுக்கிறார் என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது: வண்டிக்குச் சொந்தக்காரர்.

போருக்குப் பிந்தைய கதை பலருக்கும் தெரிந்தது, விரைந்து கடக்கிறேன். மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் 1967இல் ‘மெக்சிகன் 1000’ தொடங்கியது. அதுவே பின்னர் பாஹா 1000. 1971இல் புரூஸ் பிரவுன் எடுத்த ‘ஆன் எனி சண்டே’ படத்தில் கேமரா ஓட்டுநரின் தலைக்கவசத்தின் மேல் ஏறியது. இன்று விடலைப் பையன் ஒவ்வொருவனும் தலைக்கவசத்தில் ஒட்டிக்கொண்டு திரியும் கோப்ரோவின் பாட்டன் அது. அவருடைய மகன் டேனா பிரவுன் 2003ஆம் ஆண்டின் பாஹா பந்தயத்தைப் படமாக்கினார்; 2005இல் வெளியான ‘டஸ்ட் டு குளோரி’ அதுதான். மற்றவர்கள் மாற்றி மாற்றி ஓட்டும் தொலைவை மைக் மெக்காய் ஒற்றை ஆளாக மோட்டார் சைக்கிளில் ஓட்ட முனைகிறார். பென் டிரைவில் வந்த அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. வேகத்தைவிட, இருட்டிய பின்னும் ஒருவன் ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்பதுதான் அதில் என்னைக் கட்டிப்போட்டது.

டக்காரின் தொடக்கமே ஒரு தொலைதல். 1977இல் தியெரி சபீன் என்பவர் அபிஜான்–நீஸ் ராலியில் டெனெரே பாலைவனத்தில் வழி தவறினார், மீட்கப்பட்டார், அந்த அச்சத்தைப் பிறருக்கும் கொடுக்க விரும்பினார். 1978 டிசம்பர் 26 அன்று பாரிசிலிருந்து 182 வண்டிகள் கிளம்பின. 74 மட்டுமே டக்காரை அடைந்தன. 1986இல் பந்தயத்தின்போதே ஹெலிகாப்டர் விழுந்து சபீன் இறந்தார்.

மொழியியல் படித்தவனின் வழக்கமான இடைச்செருகல் ஒன்று. ‘சஹாரா’ என்ற அரபுச் சொல்லுக்கே பாலைவனம் என்றுதான் பொருள். துவாரெக் மக்களின் ‘டெனெரே’யும் அதையே சொல்கிறது. ‘சஹாரா பாலைவனம்’ என்பது ‘நடு சென்டர்’ போன்ற சொல். நம் ‘பாலைவனம்’ இன்னும் வேடிக்கை; அதில் ஒரு வனம் இருக்கிறது. தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலை ஆகும் என்கிறது சிலம்பு. நிலமாக இருப்பதைவிட, நிலத்துக்கு நேர்ந்துவிடும் நிலையாக அதைப் பார்த்தார்கள். அதன் உரிப்பொருள் பிரிதல். சங்கப் பாலைப் பாடல்களில் பயணி இருக்கிறான், வழிப்பறிக் கள்வர் இருக்கிறார்கள், அம்பு பட்டு இறந்தவரை மூடிய கற்குவியல்களான பதுக்கைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டில் காத்திருப்பவளின் குரல் இருக்கிறது. யாருமற்ற பாலை என்ற கற்பனை நம் புலவர்களிடம் இல்லை.

அந்தக் கற்பனை ஹெலிகாப்டர் கேமராவுக்கு உண்டு. உயரத்திலிருந்து பார்த்தால் மணல்மேடு, ஒற்றை வண்டி, அதன் பின்னே புழுதி வால். மனிதர் எவரும் இல்லை. சிலிர்ப்பின் பாதி அந்த வெறுமையிலிருந்துதான் வருகிறது. கீழே மனிதர்கள் இருந்தார்கள். 1988ஆம் ஆண்டின் பந்தயத்தில் ஆறு பேர் இறந்தனர். அவர்களில் மூவர் போட்டியாளர் அல்லர், உள்ளூர் மக்கள். மாலியில் சாலையைக் கடந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. மௌரித்தேனியாவில் ஒரு தாயும் மகளும். தாயையும் மகளையும் மோதியது போட்டி வண்டி அன்று. படப்பிடிப்புக் குழுவின் வண்டி.

இதைப் படித்த நாளிலிருந்து என்னால் அந்தத் தொகுப்புகளைப் பழையபடி பார்க்க இயலவில்லை. பார்க்காமலும் இருக்க இயலவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம்மவர்கள் அந்தத் திரைக்குள் நுழைந்தது அண்மையில்தான். பெங்களூரின் சி.எஸ்.சந்தோஷ் 2015இல் 36ஆம் இடத்தில் முடித்தார். டக்காரை ஓடி முடித்த முதல் இந்தியர். ஒசூரின் டிவிஎஸ், பிரான்சின் ஷெர்கோவுடன் கூட்டுச் சேர்ந்து களம் இறங்கியதும் அதே ஆண்டு. நான் பார்த்த அந்த 2021 சனவரியில் சந்தோஷ் கீழே விழுந்தார். தலையில் அடி, ரியாத் மருத்துவமனையில் மருந்தால் மயக்கநிலையில் வைத்திருந்தார்கள். மறுநாள் தொகுப்பில் அந்தச் செய்திக்குப் பின் மீண்டும் மணல்மேடு, மீண்டும் இசை. அவர் பிழைத்து ஊர் திரும்பினார். அதே பந்தயத்தில் ஷெர்கோ டிவிஎஸ் அணியின் ஹரித் நோவா, கேரளத்துக்காரர், 20ஆம் இடம் பிடித்தார். 2024இல் ராலி-2 பிரிவில் முதலிடமும் அவருக்கே, ஒட்டுமொத்தத்தில் 11. அந்த இரவு போர்ட் பிளேரில் (அரசு ஆணைப்படி இப்போது ஸ்ரீ விஜயபுரம்) நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கத்தியதில் கீழ்வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினார்.

எங்கள் தீவிலும் ஒரு நெடும்பாதை இருக்கிறது. அந்தமான் பெருவழிச் சாலை. போர்ட் பிளேரிலிருந்து வடக்கே திக்லிபூர் வரை 300 கிலோமீட்டருக்கு மேல். பேச்சுவழக்குத் தரவு சேகரிக்க மாதம் ஒருமுறையாவது அதில் செல்கிறேன். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் எல்லா வண்டிகளும் நிற்க வேண்டும். குறித்த நேரத்தில், காவல் வண்டி முன்செல்ல, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஜாரவா மக்களின் காட்டுக்குள் போகலாம். வேகம் 40ஐத் தாண்டக் கூடாது. முந்தக் கூடாது. நிறுத்தக் கூடாது. படம் எடுக்கவே கூடாது. இங்கும் கேமரா செய்த கொடுமை உண்டு: சுற்றுலாப் பயணிகளின் முன் ஜாரவாப் பெண்களை ஆடவைத்து எடுத்த காணொளி 2012 சனவரியில் உலகமெங்கும் பரவியது. காப்பகத்தின் ஊடே செல்லும் பகுதியை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே ஆணையிட்டிருந்தது. சாலை இன்னும் திறந்தே இருக்கிறது. அதில் போய்வருபவர்களில் நானும் ஒருவன்.

போன மாதம் ஜிர்காடாங் வரிசையில் விடியற்காலையில் காத்திருந்தோம். பக்கத்து இருக்கைத் தம்பி ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த டக்கார் தொகுப்பைக் கைபேசியில் காட்டிக்கொண்டிருந்தான். மேலிருந்து எடுத்த காட்சி. மஞ்சள் மணலில் ஒற்றைப் புள்ளி. சாவடி திறந்தது. நடத்துநர் வந்து, “போனையெல்லாம் பையில போடுங்க” என்றார். போட்டோம். வண்டி நகர்ந்தது. இருபுறமும் காடு. அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் எவரும் பேசவில்லை.